குமரி மாவட்டத்தில் சர்வதேசப் பொறியியல் கருத்தரங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நம் மாவட்டத்தில் பொறியியல் கல்லூரிகள் நிறைய. ஒவ்வொரு கல்வியாண்டும் ஏதாவது ஒரு கல்லூரியிலிருந்து, "சர்வதேசக் கருத்தரங்கு நடத்தலாம்னு இருக்கோம், எங்கிருந்து ஆரம்பிக்கிறது?" என்று கேட்டுக்கொண்டு வருகிறார்கள். கேட்கிறவர்கள் மாறினாலும் சந்தேகங்கள் மாறுவதில்லை. அதனால் அவற்றை ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேள்விகள் பெரும்பாலும் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இருக்கின்றன.

நமக்க ஊருக்கு வெளிநாட்டுக்காரங்க எல்லாம் வருவாங்களா சார்? சென்னை, கோயம்புத்தூர்னா சரி.

காரணம் இருந்தால் வருவார்கள். ஆய்வாளர்கள் ஒரு கருத்தரங்குக்கு வருவது முக்கியமாகத் தங்கள் துறையில் வேறு யார் வருகிறார்கள் என்பதைப் பார்த்துத்தான். அதற்கு அடுத்ததாக, கட்டுரை எங்கே வெளியாகும் என்று பார்ப்பார்கள். இந்த இரண்டையும் சென்னையிலும் கொடுக்கலாம், சிங்கப்பூரிலும் கொடுக்கலாம். நாம் கூடுதலாக என்ன கொடுக்கிறோம் என்பதுதான் கேள்வி.

இங்கே பத்மநாபபுரம் அரண்மனை இருக்கிறது, சுசீந்திரம் இசைத்தூண்கள் இருக்கின்றன, சிதறால் மலையில் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. 1906-இல் கட்டி முடித்த பேச்சிப்பாறை அணையும், 1966-இல் கட்டிய மாத்தூர் தொட்டிப்பாலமும், ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்றாலைகளும், மணவாளக்குறிச்சியின் கனிம மணலும் ஒரு மணி நேர, ஒன்றரை மணி நேரப் பயணத்துக்குள் அடங்கிவிடுகின்றன. இவை எல்லாமே பொறியியல்தான். ஊரின் கலையை மூன்றாம் நாள் பஸ்ஸில் ஏற்றிக் காட்டுவதோடு நிறுத்தாமல் கருத்தரங்கின் பாடமாகவே வைத்தால், அதற்காகவே ஒரு கூட்டம் வரும்.

எந்தத் தலைப்புல நடத்தலாம்? எல்லா டிபார்ட்மெண்டையும் சேர்த்து ஒண்ணா போட்டுட்டா பேப்பர் நிறைய வரும்லா?

நிறைய வரும். ஆனால் மின்னியல் ஆள் கட்டுரை வாசிக்கும்போது கேட்க எதிரே இரண்டு பேர்தான் உட்கார்ந்திருப்பார்கள். "பொறியியல், அறிவியல், தொழில்நுட்பம், மேலாண்மை" என்று நீளும் தலைப்பைப் பார்த்ததுமே நல்ல ஆய்வாளர்கள் அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

குறுக்குங்கள். பழங்கட்டடப் பாதுகாப்பும் கட்டுமானப் பொருள்களின் அறிவியலும் ஒரு நல்ல தலைப்பு. கடற்கரைப் பொறியியலும் பேரிடர்த் தாங்குதிறனும் இன்னொன்று. 2004 சுனாமியில் மணக்குடிப் பாலம் அடித்துச் செல்லப்பட்டதையும், 2017 ஒக்கி புயலில் கடலுக்குப் போன மீனவர்களை இழந்ததையும் நேரில் அறிந்த மண் இது. காற்றாலை, அருமண் கனிமம், ரப்பர் என்று இன்னும் இருக்கின்றன. கணினித் துறையினரை விட்டுவிட வேண்டாம். சுவரோவியங்களை எண்ணிமப் பதிவு செய்வது, தேய்ந்த கல்வெட்டுகளைப் படத்திலிருந்து வாசிக்கவைப்பது என்று இந்தத் தலைப்புகளுக்குள்ளேயே அவர்களுக்கு வேலை உண்டு.

எந்த மாசம் வைக்கலாம்?

பொங்கல் முடிந்து பிப்ரவரி நடுவரைக்கும் உள்ள நாட்கள்தான் என் தேர்வு. நம் மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூனில் தொடங்கி டிசம்பர் வரை ஏதாவது ஒரு மழை வந்துகொண்டேயிருக்கும். ஒக்கி தாக்கியது நவம்பர் 30 அன்று என்பதை மறந்துவிட்டு டிசம்பர் முதல் வாரத்தில் தேதி குறிக்கிறவர்களைப் பார்க்கிறேன்.

மழையை விட்டாலும் கார்த்திகை முதல் மகரவிளக்கு வரை சபரிமலை சீசன். ஐயப்ப பக்தர்கள் கூட்டத்தில் கன்னியாகுமரியில் அறை கிடைப்பதே பாடு, கிடைத்தாலும் வாடகை எகிறியிருக்கும். கோட்டார் சவேரியார் திருவிழா டிசம்பர் 3-இல் நிறைவடையும், அன்று உள்ளூர் விடுமுறை. மார்கழியில் சுசீந்திரம் தேர். மாசியில் மண்டைக்காடு கொடை, அதற்கும் உள்ளூர் விடுமுறை. இந்த நாட்களில் ஒரு வேன் கிடைக்காது, சமையல்காரர் கிடைக்க மாட்டார். அண்ணா பல்கலைக்கழகத் தேர்வுகள் நவம்பர் டிசம்பரிலும் ஏப்ரல் மே மாதங்களிலும் வரும் என்பதால் அப்போது மாணவத் தொண்டர்களும் இருக்க மாட்டார்கள்.

ஒரு விதிவிலக்கு: காற்றாலைக் கருத்தரங்கு என்றால் ஜூலையில் வையுங்கள். தென்மேற்குப் பருவக் காற்று கணவாய் வழியே பாயும் நேரத்தில் முப்பந்தலில் நின்று பார்ப்பது வேறு அனுபவம். ஆனால் அப்போது கடல் கொந்தளிக்கும், விவேகானந்தர் பாறைக்குப் படகு போகும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள்.

கல்லூரியிலேயே வைக்கணுமா, கன்னியாகுமரி ஹோட்டல்ல வைக்கணுமா?

தொடக்க விழாவும் அமர்வுகளும் கல்லூரியில், தங்குவது நாகர்கோவிலில், ஒரு மாலை மட்டும் கன்னியாகுமரியில் என்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. கடலோர ஹோட்டலில் எல்லாவற்றையும் வைத்தால் மதியத்துக்கு மேல் அரங்கு காலியாகிவிடும். சூரிய அஸ்தமனத்தோடு எந்தக் கட்டுரையும் போட்டி போட முடியாது.

கல்லூரி என்றால் ஜெனரேட்டரை முழுச் சுமையில் ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இணையத்துக்கு இரண்டு வெவ்வேறு நிறுவன இணைப்புகள் வேண்டும், ஒன்று போனால் இன்னொன்று. காணொளியில் பேசுகிறவர் இருந்தால் முந்தைய நாளே அவரோடு ஒரு ஒத்திகை. இதையெல்லாம் சின்ன வேலை என்று கடைசி நாளுக்குத் தள்ளுகிறார்கள்.

நமக்கு ஏர்போர்ட் இல்லையே, எப்படி வந்து சேருவாங்க?

திருவனந்தபுரம்தான் நம் விமான நிலையம். நாகர்கோவிலிலிருந்து சுமார் 70 கிலோமீட்டர். வெளிநாட்டவருக்குத் தூரத்தைச் சொல்லாமல் நேரத்தைச் சொல்லுங்கள், அதுவும் இரண்டரை மணி நேரம் என்றே சொல்லுங்கள். களியக்காவிளை, மார்த்தாண்டம், தக்கலை என்று நெரிசலில் ஊர்ந்துதான் வர வேண்டும். அறிவிப்பில் "அருகில் உள்ள விமான நிலையம்" என்று மட்டும் எழுதினால் வேறு மாநிலத்தில் இறங்கிவிட்டோமே என்று குழம்புவார்கள். விமான நிலையம் கேரளத்தில், கருத்தரங்கு தமிழ்நாட்டில் என்று தெளிவாக எழுதிவிடுங்கள்.

சென்னையில் இறங்குகிறவர்களுக்கு எழும்பூரிலிருந்து நாகர்கோவிலுக்கு வந்தே பாரத் ரயில் 2024 ஆகஸ்டு முதல் ஓடுகிறது. தனித்தனி டாக்ஸியைவிட விமான நேரங்களைச் சேர்த்துப் பார்த்து வேன் அனுப்புவது மலிவு, வருகிறவர்களுக்கும் வேனிலேயே பழக்கம் ஏற்பட்டுவிடும்.

விசா வேலை எல்லாம் நாம பார்க்கணுமா, அவங்களே பார்த்துக்குவாங்களா?

விண்ணப்பம் அவர்கள் வேலை. அதற்கான தாள் எல்லாம் நம் வேலை. கருத்தரங்குக்கு வருகிறவர் சுற்றுலா விசாவில் வரக் கூடாது, அதற்கென்று மாநாட்டு விசா இருக்கிறது. அதற்கு உள்துறை அமைச்சகத்தின் நிகழ்ச்சி ஒப்புதலும், வெளியுறவு அமைச்சகத்தின் அரசியல் ஒப்புதலும் தேவைப்படும். இதைத் தேதி முடிவானதுமே தொடங்குங்கள். பாகிஸ்தான் போன்ற சில நாட்டினர் என்றால் இன்னும் கூடுதல் காலம் பிடிக்கும்.

அழைப்புக் கடிதத்தில் பாஸ்போர்ட்டில் உள்ளபடி பெயர், கட்டுரைத் தலைப்பு, தேதிகள், செலவு யாருடையது என்ற விவரம் எல்லாம் இருக்க வேண்டும். விருந்தினர் வந்து தங்கியதும், தங்கவைத்தவர் அந்தத் தகவலை 24 மணி நேரத்துக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்துக்கு இணையவழியே தெரிவித்தாக வேண்டும். லாட்ஜ்காரர்கள் சி ஃபார்ம் என்று சொல்வது இதைத்தான். கல்லூரி விருந்தினர் இல்லத்தில் தங்கவைத்தாலும் இதே கடமை உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. இன்னொன்று: சாட்டிலைட் போன் கொண்டுவர வேண்டாம் என்று அழைப்பிலேயே எழுதுங்கள். உரிமம் இல்லாமல் இந்தியாவில் அதை வைத்திருப்பது குற்றம். மலையேறுகிறவர்கள் வைத்திருக்கும் செயற்கைக்கோள் கருவியும் இதில் சேரும்.

போஸ்டர்ல 'ஸ்கோப்பஸ் பப்ளிகேஷன் உறுதி'ன்னு போட்டாதானே சார் பேப்பர் வரும்?

போடாதீர்கள். அந்த உறுதியைக் கொடுக்கும் அதிகாரம் நமக்கு இல்லை. ஸ்கோப்பஸ் என்பது ஆய்வுக் கட்டுரைகளின் தரவுத்தளம். கருத்தரங்குத் தொகுப்பை அதில் சேர்ப்பதா வேண்டாமா என்பதை அதை நடத்துகிறவர்கள்தான் முடிவு செய்கிறார்கள். ஐ.இ.இ.இ. என்ற சர்வதேசப் பொறியாளர் அமைப்பின் தொழில்நுட்ப ஆதரவு கிடைத்தாலும், கட்டுரைகள் அவர்களுடைய எக்ஸ்ப்ளோர் தளத்தில் ஏறுவது தானாக நடந்துவிடாது. தரம் பார்த்த பிறகுதான் ஏற்றுவார்கள்.

ஒரு முனைவர் பட்ட மாணவி பதிவுக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டியிருப்பாள். பட்டத்துக்கு ஒரு வெளியீடு வேண்டும், இந்தப் போஸ்டரை நம்பி வந்திருப்பாள். அவளுக்கு ஒரு வருடம் கழித்து "வரலம்மா" என்று சொல்வது எவ்வளவு பெரிய அநியாயம்! பதிப்பகத்தோடு ஒப்பந்தம் ஆகியிருந்தால் "இன்ன பதிப்பகத்துக்கு அனுப்பப்படும்" என்று எழுதுங்கள். ஆகவில்லையென்றால் அதையும் எழுதுங்கள். உண்மையைச் சொல்லி வரும் 40 கட்டுரை போதும்.

ரிவ்யூ எல்லாம் கண்டிப்பா பண்ணணுமா? வர்றதே கொஞ்சம்தான்.

கண்டிப்பாக. ஒரு கட்டுரைக்குக் குறைந்தது இரண்டு பேர், முடிந்தால் மூன்று. எழுதியவர் யார் என்று மதிப்பாய்வாளருக்கும், மதிப்பாய்வாளர் யார் என்று எழுதியவருக்கும் தெரியக் கூடாது. நம் கல்லூரிக் கட்டுரைகளை வெளியாட்களிடம் மட்டுமே அனுப்ப வேண்டும். இதில் துறைத் தலைவர் கட்டுரை, முதல்வர் கட்டுரை என்ற பேதம் கூடாது. ஈஸிசேர், மைக்ரோசாஃப்ட் சி.எம்.டி. போன்ற மென்பொருளில் வைத்துக்கொண்டால் யார் என்ன சொன்னார் என்பதற்குப் பதிவு இருக்கும். பதிப்பகம் பின்னால் அதைக் கேட்கலாம்.

கட்டுரைத் திருட்டைச் சோதிக்கும் மென்பொருள் காட்டும் விழுக்காட்டை மட்டும் பார்த்து முடிவெடுக்காதீர்கள். 12 விழுக்காடு என்று வந்த கட்டுரையில் அந்த 12-உம் முடிவுரைப் பத்தியாகவே இருக்கலாம். அறிக்கையைத் திறந்து எங்கே நிறம் விழுந்திருக்கிறது என்று பார்ப்பதற்குப் பத்து நிமிடம் போதும். நிராகரிக்கும்போது காரணம் எழுதி அனுப்புங்கள், அவர்கள் அடுத்த முறை திருத்திக்கொண்டு வருவார்கள்.

ஃபீஸ் எவ்வளவு வைக்கலாம்? கல்லூரி பணம் தர மாட்டேங்குது.

முதலில் செலவைப் போடுங்கள்: பதிப்பகத்துக்குக் கட்டுரைவாரியாகப் போகும் தொகை, சாப்பாடு, வண்டி, அழைக்கப்பட்ட பேச்சாளர்களின் பயணம். பேச்சாளர் பயணத்தை ஆய்வு மாணவர் கட்டணத்தின் தலையில் கட்டாதீர்கள். அதற்கு ஏ.ஐ.சி.டி.இ., அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அமைப்பு (பழைய எஸ்.இ.ஆர்.பி.), இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ. போன்ற இடங்களில் கருத்தரங்கு நிதிக்கு விண்ணப்பிக்கலாம். மாணவர், ஆசிரியர், தொழில்துறையினர், வெளிநாட்டவர் என்று தனித்தனிக் கட்டணம் வையுங்கள். ஜி.எஸ்.டி. சேருமா என்பதை ஆடிட்டரிடம் கேட்டு போஸ்டர் அச்சுக்குப் போகும் முன்பே முடிவு செய்துவிடுங்கள்.

ஒரு நாள் ஊரைச் சுத்திக் காட்டணும்னா எங்க எல்லாம் கூட்டிட்டுப் போகலாம்?

எல்லாவற்றையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள், மூன்று இடம் போதும். காலையில் சுசீந்திரம், நடை சாத்துவதற்கு முன்னால். அப்புறம் பத்மநாபபுரம். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்தூர். அரண்மனைக்குத் திங்கள்கிழமை விடுமுறை, அதனால் பயண நாள் திங்களாக இருக்கக் கூடாது.

அரண்மனையில் தரையைக் குனிந்து பார்க்கச் சொல்லுங்கள். சிரட்டைக் கரி, சுண்ணாம்பு, முட்டை வெள்ளைக்கரு எல்லாம் சேர்த்து இழைத்தது என்று சொல்லப்படும் அந்தக் கறுப்புத் தரையில் சாளரத்தின் நிழல் தண்ணீரில் விழுவதுபோல விழும். மந்திரசாலை என்ற ஆலோசனை மண்டபத்தின் வண்ண மைக்காச் சாளரங்கள் வெளிச்சத்தை உள்ளே விட்டுக் கண்கூச்சத்தைத் தடுக்கின்றன. கட்டுமானப் பொருள்களை ஆராய்கிறவர்கள் அங்கேயே உட்கார்ந்துவிடுவார்கள், அவர்களுக்கு நேரம் கொடுங்கள். பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. 1741 குளச்சல் போரில் பிடிபட்டு, பிறகு திருவிதாங்கூர்ப் படையையே நடத்திய டச்சுக் கம்பெனி அதிகாரி டிலனாயின் கல்லறை அங்கே இருக்கிறது. பீரங்கி வார்த்த இடம் என்பதால் உலோகவியல் ஆட்களை இழுத்துவிடும்.

மாத்தூரில் மேலே நடப்பதோடு விட்டுவிடாமல் படியிறங்கிப் பறளியாற்றங்கரைக்குக் கூட்டிப் போங்கள். 115 அடி உயரம், 28 தூண்கள். காமராசர் ஆட்சிக் காலத்தில் எடுத்த திட்டம், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பட்டணங்கால் கால்வாயின் தண்ணீரைத் தொட்டி வழியே தாண்டவைக்கிறது. கீழிருந்து அண்ணாந்து பார்த்தால்தான் அதன் மெலிவு தெரியும். உயரம் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கும் கீழே இருப்பதே நல்லது.

கன்னியாகுமரியை விட்டுட்டீங்களே?

அதற்குத்தான் ஒரு மாலை ஒதுக்கச் சொன்னேன். வள்ளுவர் சிலை 133 அடி, அதில் பீடம் மட்டும் 38 அடி, அறத்துப்பாலின் 38 அதிகாரங்களுக்காக. கணபதி ஸ்தபதி வடித்து 2000 ஜனவரி 1-இல் திறக்கப்பட்ட சிலை, 2004 சுனாமியைத் தாங்கி நிற்கிறது. விவேகானந்தர் பாறைக்கும் சிலைக்கும் நடுவே 77 மீட்டர் கண்ணாடிப் பாலம் 2024 டிசம்பர் 30-இல் திறந்தார்கள். கருங்கல்லும் கண்ணாடியும் ஒரே உப்புக்காற்றில் நிற்கின்றன. அரிமானம் படிக்கிறவர்களுக்கு இதைவிட நல்ல வகுப்பறை அமையாது. படகு கடைசி நேரத்தில் நிறுத்தப்படலாம் என்பதால் கரையிலேயே ஒரு மாற்று நிகழ்ச்சி கையில் இருக்கட்டும்.

இதுக்கெல்லாம் கலெக்டர்கிட்ட ஒரே லெட்டர் குடுத்தா போதும்லா?

போதாது. பத்மநாபபுரம் இருப்பது நம் மாவட்டத்தில், ஆனால் பராமரிப்பது கேரள அரசின் தொல்லியல் துறை. 1956-இல் மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோதும் அரண்மனை அவர்களிடமே இருந்தது. அதனால் சிறப்பு அனுமதி என்றால் திருவனந்தபுரத்துக்கு எழுத வேண்டும். சுசீந்திரம் நம் அறநிலையத் துறையிடம், சிதறால் மத்தியத் தொல்லியல் துறையிடம். வெறுமனே பார்க்கப் போவதற்கு டிக்கெட் போதும். அளவுக் கருவி, முக்காலி, டிரோன் என்று எது எடுத்துப் போனாலும் தனித்தனி அனுமதி வேண்டும். டிரோனுக்கு அனுமதி கிடைக்கும் என்று எண்ணித் திட்டம் போடாதீர்கள்.

சுசீந்திரத்துல தூணைத் தட்டிக் காட்டச் சொல்லலாமா? அவ்வளவு தூரம் வந்துட்டு சத்தம் கேக்காம போனா எப்படி?

வேண்டாம். இதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன். தட்டித் தட்டித்தான் அந்தத் தூண்களுக்குச் சேதம் வந்தது, கம்பி அடைப்பு போட வேண்டியதாயிற்று. பெரிய விருந்தாளி வந்திருக்கிறார் என்று யாரையாவது கெஞ்சிக் கேட்டுத் திறக்கவைப்பது, பாதுகாப்பைப் பற்றிக் காலையில் கட்டுரை வாசித்துவிட்டு மாலையில் அதற்கு எதிராக நடப்பதாகும்.

தட்டாமலே சொல்வதற்கு நிறைய இருக்கிறது. ஒரே கல்லில் குடைந்த சிறு தூண்கள் ஒன்றையொன்று தொடாமல் நிற்கின்றன, மேலும் கீழும் அதே கல்லோடு சேர்ந்திருக்கின்றன. தூணின் தடிமனும் நீளமும் மாறினால் அதன் அதிர்வெண் மாறும். கல் எவ்வளவு விறைப்பானது என்பதும் அதன் அடர்த்தியும் தெரிந்தால் ஓரளவுக்குக் கணக்கிட்டே சொல்லிவிடலாம். கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தினர் ஹம்பி விட்டலர் கோயில் இசைத்தூண்களைச் சிதைக்காச் சோதனை முறையில் ஆராய்ந்திருக்கிறார்கள். அதுபோல ஒரு பேச்சைக் காலை அமர்வில் வைத்து, பதிவு செய்த ஒலியை அரங்கில் போட்டுக் காட்டிவிட்டு, பிறகு கோயிலுக்குக் கூட்டிப் போங்கள். கேட்டுவிட்டு வந்தவர்கள் கம்பிக்கு வெளியே நின்றே ஒவ்வொரு தூணையும் உற்றுப் பார்ப்பார்கள்.

சட்டை கழத்தணும்னு சொன்னா சங்கடப்பட மாட்டாங்களா? உள்ள விடுவாங்களா?

முன்கூட்டியே சொன்னால் யாரும் சங்கடப்படுவதில்லை. ஆண்கள் மேல்சட்டை இல்லாமல் போக வேண்டும், கருவறைப் பக்கம் பிற மதத்தவர் போக முடியாது, எதுவரை போகலாம் என்பதைக் கோயில் அலுவலகத்தில் முதல்நாளே கேட்டு வையுங்கள். வாசலில் வைத்துச் சொல்வதுதான் அவமானமாகப் படும். விருப்பமில்லாதவர்கள் வெளியே தெப்பக்குளத்தருகே இருக்க ஒரு தொண்டரும் இருக்கட்டும்.

சாப்பாடும் நினைவுப் பரிசும்?

மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்குழம்பும் ஒரு வேளைக்காவது வையுங்கள். சைவம், ஹலால், பால் ஒத்துக்கொள்ளாதவர் என்று பதிவுப் படிவத்திலேயே கேட்டுவிடுங்கள். இடைவேளைக்குப் பிஸ்கட்டுக்குப் பதில் மட்டிப்பழம்.

வரவேற்புக்குத் தோவாளை மாணிக்கமாலை இருக்கும்போது பிளாஸ்டிக் பூங்கொத்து எதற்கு? அரளிப்பூவையும் நொச்சி இலையையும் மடித்துத் தொடுக்கும் அந்த மாலையைத் தொடுப்பவரையே அரங்குக்கு அழைத்துத் தொடுக்கச் சொல்லுங்கள், வடிவியல் ஆட்கள் சுற்றி நின்றுவிடுவார்கள். பரிசுக்கு வடசேரியில் கோயில் நகை செய்கிறவர்களிடம் சிறு பொருளாகச் செய்து வாங்கலாம். பேரம் பேசிக் கூலியைக் குறைக்காதீர்கள்.

தமிழ்ல ஒரு செஷன் வச்சா 'இன்டர்நேஷனல்' போயிடுமா?

போகாது. தொகுப்புக்குப் போகும் கட்டுரைகள் ஆங்கிலத்தில் இருக்கட்டும். ஒரு மாலை அமர்வைத் தமிழில் வைத்து, பள்ளி மாணவர்களையும் மீனவர்களையும் சிற்பிகளையும் கூப்பிடுங்கள். இலங்கை, மலேசியா, சிங்கப்பூரிலிருந்து வரும் தமிழ் ஆய்வாளர்கள் மகிழ்ச்சியோடு பேசுவார்கள். வில்லுப்பாட்டோ தோல்பாவைக் கூத்தோ வைத்தால் அவசர அவசரமாக இருபது நிமிடத்தில் முடிக்கச் சொல்லாதீர்கள்.

ஒரு வெளிநாட்டுக் கம்பெனி ஸ்பான்சர் பண்றேன்னு சொல்லுது. அக்கவுண்ட் நம்பர் குடுத்துடலாமா?

நில்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் நன்கொடைக்கு எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு வேண்டும், அதற்கென உள்ள கணக்கில்தான் வாங்க வேண்டும். பங்கேற்பாளர் கட்டும் பதிவுக் கட்டணம் சேவைக்கான கட்டணம், அது வேறு. அரங்கில் கடை போட இடம் கொடுத்து வாங்கும் தொகை எதில் சேரும் என்பதை ஆடிட்டர் எழுத்தில் சொல்லட்டும். அதுவரை எண்ணைக் கொடுக்காதீர்கள்.

காசு கட்டிட்டு வராமலே போயிட்டா, அவங்க பேப்பரைப் போடணுமா?

விதியை முன்பே அறிவித்திருக்க வேண்டும். வராதவர் கட்டுரை தொகுப்பில் சேராது என்பது பல பெரிய கருத்தரங்குகளில் உள்ள நடைமுறை. ஆனால் விசா மறுக்கப்பட்டவரும் சோம்பல்பட்டவரும் ஒன்றில்லை. மறுப்புக் கடிதம் காட்டினால் காணொளியில் பேச இடம் கொடுக்கலாம், பதிப்பகம் அதை ஏற்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாம் முடிஞ்சுது. இனி என்ன வேலை இருக்கு?

பாதி வேலை இனிமேல்தான். இறுதிப் பிரதிகளில் ஆசிரியர் பெயர்களும் கல்லூரிப் பெயர்களும் சரியா என்று எழுதியவர்களிடமே கேட்டு, பதிப்பகத்துக்குச் சொன்ன தேதியில் அனுப்புங்கள். நிதி கொடுத்த அமைப்புக்குப் பயன்பாட்டுச் சான்றிதழ் போக வேண்டும், ரசீதுகள் இப்போதே சேர்த்தால்தான் உண்டு. பயணத்தின்போது அனுமதியோடு எடுத்த படங்கள், அளவீடுகள் இருந்தால் ஒரு பிரதியை அந்தக் கோயில் அலுவலகத்துக்கும் அரண்மனை அலுவலகத்துக்கும் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை பழுதுபார்க்கும்போது அவர்களுக்கு அது தேவைப்படும்.